காரணம் சொல்லாத வேலைநீக்கம்

(மதுரையில் ஒரு திரைப்பட ரசனை வட்டத்தில், 'ஃபிர் மிலேங்கே' திரையிடலுக்குப் பிறகு தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விளக்கைப் போட்டதும் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒரு கேஸ் நடக்குமா சார்?" என்று கேட்டார். நடக்காது என்று சொன்னேன். ஏன் நடக்காது என்பதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி நாலு வார்த்தை. 2004 ஆகஸ்டில் வந்த இந்திப் படம். எடுத்தவர் நம் ரேவதி. 'மண்வாசனை' என்றால் இங்கே நரைத்த தலைகளுக்கெல்லாம் அந்த முகம் உடனே வந்துவிடும். அதில் அவருக்கு ஜோடியாக நடித்த பாண்டியன், மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வளையல் கடையில் இருந்த பையன் என்பதை மதுரைக்காரர்களுக்கு வெளியூர்க்காரனா வந்து சொல்ல வேண்டும்! அது 1983. இருபத்தோரு வருடம் கழித்து அதே ரேவதி ஷில்பா ஷெட்டி, அபிஷேக் பச்சன், சல்மான் கான் என்று பெரிய நட்சத்திரங்களை வைத்து எய்ட்ஸைப் பற்றி ஒரு படம் எடுத்தார். இசையமைத்தவர்களில் பவதாரிணியும் ஒருவர். அபிஷேக்குக்கு யோசனை சொல்லும் பெரியவராக நாசர் வருகிறார். பேசுவது இந்தி என்றாலும் பாதிப் படம் நம்முடையதுதான்.

இந்த உரையை அச்சில் படிக்கப்போகிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். விளம்பர நிறுவனம் ஒன்றில் நல்ல பதவியில் இருக்கும் பெண் தமன்னா (ஷில்பா ஷெட்டி). தங்கைக்கு அடிபட்டபோது ரத்தம் கொடுக்கப் போகிறாள். அந்தப் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிகிறது. விஷயம் முதலாளி காதுக்குப் போகிறது. வேலை போய்விடுகிறது. நோயைக் காரணமாகச் சொல்லவில்லை. திறமை குறைந்துவிட்டது என்கிறார்கள். முதலில் தயங்கிய ஒரு வக்கீல் (அபிஷேக்) பிறகு அவளுக்காக வழக்காடி ஜெயிக்கிறார்.

இதற்கு முன்னோடி 1993 டிசம்பரில் வந்த 'பிலடெல்பியா' என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஜோனதன் டெம்மி இயக்கியது. டாம் ஹாங்க்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்தது. அதில் வேலை போகிறவனே ஒரு வக்கீல். நெற்றியில் ஒரு புண். நிறுவனத்தின் பெரியவர்களில் ஒருவர் அதைக் கவனித்துவிடுகிறார். சில நாளில் முக்கியமான மனு ஒன்று காணாமல் போய்க் கடைசி நிமிடத்தில் கிடைக்கிறது. அதைச் சாக்கிட்டு அவனை வெளியே அனுப்புகிறார்கள்.

அந்தப் படத்தில் எனக்கு மறக்காத இடம் நூலகக் காட்சி. நீதிமன்றக் காட்சியைவிட அது கூர்மையானது. ஹாங்க்ஸ் ஒரு மேசையில் சட்டப் புத்தகங்களைப் பரப்பி வைத்துத் தன் வழக்குக்குத் தானே குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறான். நூலகர் கேட்ட புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, தனி அறை ஒன்று இருக்கிறதே, அங்கே போனால் உங்களுக்கு வசதியாக இருக்குமே என்கிறார். குரலில் துளி கடுமை இல்லை. அவன் வேண்டாம் என்கிறான். நூலகர் மறுபடி சொல்கிறார். எனக்கு வசதியா, உங்களுக்கு வசதியா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். எதிர் மேசையில் இருந்தவர் தன் புத்தகங்களை அள்ளிக்கொண்டு இடம் மாறுகிறார். வழக்கை எடுக்க மறுத்திருந்த டென்சல் வாஷிங்டன் இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மனம் மாறுவது அங்கேதான். அந்த நூலகரின் குரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நிஜத்தில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கில் ஜெஃப்ரி பவர்ஸ் என்ற இளம் வக்கீலை 1986இல் ஒரு பெரிய சட்ட நிறுவனம் வேலையை விட்டு அனுப்பியது. அவர் புகார் கொடுத்தார். 1987இல் இறந்துபோனார். அவருக்குச் சாதகமான தீர்ப்பு, 5 லட்சம் டாலர் இழப்பீட்டுடன், 1993 டிசம்பரில் வந்தது. படம் திரைக்கு வந்த அதே மாதம்! படம் தங்கள் வீட்டுக் கதையை எடுத்துக்கொண்டது என்று குடும்பத்தார் போட்ட வழக்கு 1996இல் சமரசத்தில் முடிந்தது. இன்னொரு சங்கதி. படத்தில் நிறுவனப் பங்குதாரர்களில் ஒருவராக நடித்த ரான் வாட்டருக்கு உண்மையிலேயே எச்.ஐ.வி. இருந்தது. அவருக்குக் காப்பீடு கிடைக்காது என்று வேறு ஆளைப் போடப் பார்த்தார்கள். இந்தப் படத்தை எடுத்துக்கொண்டே அதை நான் எப்படிச் செய்வேன் என்று டெம்மி மறுத்துவிட்டார். 1994 ஏப்ரலில் வாட்டர் காலமானார்.

இனி ரேவதியின் படத்துக்கு வருவோம். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். 2004இல் தமன்னா எந்தச் சட்டத்தின் கீழ் ஜெயித்தாள்? அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகள் அரசைத்தான் கட்டும். தனியார் விளம்பரக் கம்பெனியை அவற்றை வைத்து நேராகக் கேட்க முடியாது. அவள் இருந்த பதவி தொழில் தகராறு சட்டத்தின் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவதும் கஷ்டம். எச்.ஐ.வி. உள்ளவரைத் தனியார் முதலாளி பாகுபடுத்தக் கூடாது என்று சொன்ன மத்தியச் சட்டம் 2017இல்தான் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. ஆக, திரையில் நீதிபதி கொடுத்த தீர்ப்புக்கு நாட்டில் சட்டம் வரப் பதினான்கு வருடம் ஆயிற்று. சினிமாவில் இதை லாஜிக் ஓட்டை என்பார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. வக்கீல்கள் கேட்கத் துணியாததை அந்த அம்மா ஒரு வணிகப் படத்தில் கேட்டுவிட்டார்.

அப்படியென்றால் 2004க்கு முன்னால் இந்தியாவில் ஒன்றுமே இல்லையா? இருந்தது. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மனுதாரர் பெயர் 'எம்எக்ஸ்', எதிர்தரப்பு 'இசட்ஒய்'. உண்மைப் பெயரை வெளியே விடாமல் வழக்கு நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பினர் நடத்திய வழக்கு. அந்த எம்எக்ஸ் யார் என்று நினைக்கிறீர்கள்? கோட்டு போட்ட வக்கீல் இல்லை, கார் வைத்த விளம்பர அதிகாரி இல்லை. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தினக்கூலி. நிரந்தரம் செய்வதற்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது. வேலை செய்ய உடல் தகுதியோடுதான் இருந்தார். ஆனாலும் தினக்கூலிப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். வேலையைச் செய்யத் தகுதி இருந்து, மற்றவர்களுக்கு ஆபத்தும் இல்லை என்றால் எச்.ஐ.வி. ஒன்றை மட்டும் காட்டி வேலையை மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அவரை மறுபடி பட்டியலில் சேர்க்கவும் 40,000 ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது.

நம் நாட்டில் இந்த உரிமைக்கு அடிக்கல் போட்டது ஒரு கூலித் தொழிலாளி. சினிமா அவரை விட்டுவிட்டு ஏசி அறைப் பெண்ணைப் பிடித்துக்கொண்டது என்று கோபப்படலாம். எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தக் கூலித் தொழிலாளியால் கோர்ட்டுக்குப் போக முடிந்ததற்குக் காரணம் என்ன? அவர் வேலை செய்த இடம் பொதுத்துறை. அங்கே பட்டியல் இருந்தது, மருத்துவச் சான்று இருந்தது, விதி இருந்தது. நீக்கியதற்குத் தடயம் இருந்தது. டாம் ஹாங்க்ஸுக்குக் காணாமல் போன மனு இருந்தது. தமன்னாவுக்குத் 'திறமை இல்லை' என்ற பொய் இருந்தது. எதிரி ஒரு காரணம் சொன்னால்தான் குறுக்கு விசாரணையில் அதை உடைக்க முடியும். இரண்டு படங்களும் ஓடுவதே அந்தப் பொய்யின் மேல்தான்.

நம் பக்கம் யாரும் பொய் சொல்வதே இல்லை. காரணம் கேட்கிறவனும் இல்லை, சொல்கிறவனும் இல்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பேர், கடை எதுவும் கேட்காதீர்கள். அவர் பரோட்டா மாஸ்டர். மதியம் இரண்டு மணிக்கு வந்து மைதாவைக் கொட்டிப் பிசைய ஆரம்பிப்பார். மாவு ஊறி, உருண்டை போட்டு, எண்ணெய் தடவி வைத்து, ஆறு மணிக்குக் கல் சூடேறினால் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் வீச்சுதான். கல்லாவை எண்ணி முடிக்கும்போது அன்றைய சம்பளம் கைக்கு வரும். ரிஜிஸ்டர் கிடையாது, சீட்டு கிடையாது. பத்து வருடத்துக்கு மேல் ஒரே கடை. மாதம் ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்குப் போய் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வாங்கி வருவார். அதற்கு அரை நாள் லீவு. ஊருக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று ஒவ்வொரு மாதமும் ஒரு பொய். மருந்து டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டுச் சத்து மாத்திரை என்று வீட்டில் வைத்திருந்தார். டப்பாவை ஆட்டினால் சத்தம் வரும் என்று உள்ளே பஞ்சு வைத்திருந்தார். அந்த மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் வரிசையில் நின்றபோது பக்கத்துக் கடை ஆள் ஒருத்தர் பார்த்துவிட்டார். அந்த ஆள் ஏன் அங்கே வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் நம் வழக்கம்தான்.

முதலாளி சண்டை போடவில்லை. "மாஸ்டர், ஒடம்பு ரொம்ப எளச்சுப் போச்சு. ஊருக்குப் போயி ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுங்க. நானே சொல்லி அனுப்புறேன்" என்றார். கையில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். பிள்ளைகளுக்கு என்று பார்சலும் கட்டச் சொன்னார். சொல்லி அனுப்பவே இல்லை.

மாஸ்டர் என்னிடம் வந்து உட்கார்ந்தபோது வழக்கைப் பற்றிப் பேசவே இல்லை. "அவரு கெட்டவர் இல்ல சார். ஒரு வார்த்தை தப்பாப் பேசல" என்றார். அவர் கேட்டது வேறு. "மத்த கடைக்காரங்ககிட்ட சொல்லிறாம பாத்துக்கங்க சார். ஒத்தக்கடையில இருந்து திருமங்கலம் வரைக்கும் எல்லா மாஸ்டரும் எல்லா முதலாளியும் தெரிஞ்சவங்க. கேஸ் கீஸுன்னு போனா எனக்கு எங்கயும் கல்லு கிடைக்காது." சட்டம் தெரிந்த எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்கவில்லை. எந்த உத்தரவை எதிர்த்து நான் மனு போடுவேன்? பிலடெல்பியா நூலகரின் குரல் இதுதான். அக்கறையான குரல். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்கிற குரல். அந்தக் குரலுக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது எளிதில்லை. பாதிக்கப்பட்டவரே, அவர் நல்லவர் என்று சாட்சி சொல்லிவிடுவார்.

முதலாளி தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. மாவு வழியாகப் பரவாது, வியர்வை வழியாகப் பரவாது, விரல் வெட்டுப்பட்டாலும் வெந்து வருகிற உணவு வழியாகப் பரவாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால், உடலுறவு வழியாகக்கூட அவரிடமிருந்து பரவாது. இதெல்லாம் அந்த முதலாளிக்கு ஓரளவு தெரியும். வேறொரு கடைக்காரர் இதே விஷயத்தில் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "எனக்குத் தெரியும் சார். சாப்பிட வர்றவனுக்குத் தெரியணும்ல?" வாடிக்கையாளரின் பயம் ஒரு பாதுகாப்பு வாதம் ஆகாது என்று நான் சட்டம் சொல்லலாம். ஒரு மாலை நேரம் கல் அணைந்து கிடந்தால் எவ்வளவு நஷ்டம் என்று அவர் கணக்குச் சொல்வார். அந்தப் பயத்தை அவர் உண்டாக்கவில்லை. ஆனால் அதன் செலவு முழுவதையும் மாஸ்டர் தலையில் கட்டியவர் அவர்தான்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் நாமே ஊட்டியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அதனாலேயோ என்னவோ தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னால் விழித்துக்கொண்டது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 2003 வாக்கில் 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஒரு விளம்பரம் சுவரெல்லாம் கேட்டது. அந்த விளம்பரத்தால் ஊர் முழுக்கப் பேச்சு வந்தது, கூச்சம் உடைந்தது, ஆணுறை பற்றி டீக்கடையில் பேச முடிந்தது. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ராஜா என்று பேர் வைத்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எய்ட்ஸ் என்றால் அது அந்த மாதிரி ஆளுக்கு வருவது என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே சுவரில் ஒட்டிக்கொண்டது. புருஷனிடமிருந்து வாங்கிக்கொண்ட பெண், ஊசியில் வாங்கிக்கொண்டவர், ரத்தம் ஏற்றி வாங்கிக்கொண்டவர் எல்லாரும் அதே சந்தேகத்துக்குள் வந்தார்கள்.

தமிழ் சினிமாவும் அதைத்தான் செய்தது. 2007இல் சாமி இயக்கிய 'மிருகம்' வந்தது. ஆதி, பத்மப்ரியா நடித்தது. எய்ட்ஸை நடுவில் வைத்த தமிழ் வணிகப் படம் என்று சொல்ல அது ஒன்றுதான் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது. பத்மப்ரியாவின் நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே நோய் வருவது கூத்தடித்தவனுக்குக் கிடைத்த தண்டனையாக. ரேவதியும் இந்த இடத்தில் முழுசாகத் தப்பவில்லை. பழைய காதலனோடு ஒரே ஒரு முறை என்று கதையை அமைத்து, இவள் நல்ல பெண்தான் என்று நம்மிடம் முன்கூட்டியே சிபாரிசு வாங்கிக்கொள்கிறார். வேலையைக் கேட்கிறவளுக்கு நடத்தைச் சான்றிதழ் எதற்கு? அடுத்த வருடம் ஓனிர் எடுத்த 'மை பிரதர் நிகில்' இந்த விஷயத்தில் இன்னும் தைரியமான படம். கோவாவின் டொமினிக் டிசோசா வாழ்க்கையை ஒட்டியது அது. ரத்ததானம் செய்யும் வழக்கம் உள்ள டொமினிக்கை 1989இல் போலீஸ் கூட்டிப்போய், பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாள் அடைத்து வைத்தது. கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டமே அதற்கு அப்போது இடம் கொடுத்தது.

தமன்னாவும் ரத்தம் கொடுக்கப் போய்த்தான் தெரிந்துகொள்கிறாள். டொமினிக்கும் அப்படித்தான். இப்போது நான் சொல்லப்போவதும் ரத்தம் கொடுத்த ஒருவரைப் பற்றித்தான். இது நமக்குப் பக்கத்தில் நடந்தது.

2018 டிசம்பர். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. செய்தி நாடு முழுக்கப் பரவியது. மருத்துவமனையின் அலட்சியம், ஊழியர்கள் மேல் நடவடிக்கை, கர்ப்பிணியின் துயரம் எல்லாம் பேசப்பட்டன. பேச வேண்டியவைதான். ஆனால் அந்த விஷயம் எப்படி வெளியே வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். அங்கே தெரிந்தது. தெரிந்தவுடன் தன் வேலை போனதைப் பற்றி யோசிக்காமல், நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று ரத்த வங்கிக்குச் சொன்னவர் அவர்தான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. 2016இலேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்தும் அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தார்கள் என்று அப்போது அதிகாரிகள் தரப்பிலேயே சொல்லப்பட்டது. சில நாளில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, இதே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்த மாதக் கடைசியில் இறந்தார். அந்தப் பெண்ணுக்கும் இங்கேதான் சிகிச்சை. ஜனவரியில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

கொடுக்க வேண்டிய இழப்பீடு. மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த இளைஞரின் கதைக்குள் ஒரு வேலைநீக்கம் இருக்கிறதே, அதை யார் எண்ணினார்கள்? வேலைக்குச் சேருவதற்கு முன்பே நடந்துவிட்ட வேலைநீக்கம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போக வேண்டுமென்றால் இந்தப் பரிசோதனையைத் தாண்ட வேண்டும். எச்.ஐ.வி. என்றால் 'தகுதியில்லை'. நம் 2017 சட்டம், வேலை கொடுப்பதற்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதே பாகுபாடு என்கிறது. ஆனால் பணி கொடுக்கிற நாட்டின் விதி நம் சட்டத்துக்குக் கட்டுப்படாது. மருத்துவத் துறை சொல்லாமல் விட்டதை வெளிநாட்டு வேலைக்கான ஒரு பரிசோதனை சொன்னது. சொன்ன விதமும் 'தகுதியில்லை' என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் இருந்திருக்கும். நம்பிக்கை மையம் என்கிற அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் என்றால் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். மருந்து இருக்கிறது, நெடுநாள் வாழலாம் என்பார். 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் உட்பட எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதே வருடம் ஜூலையில் நம் உயர் நீதிமன்றக் கிளை திறந்தது, ஆகஸ்டில் இந்தப் படம் வந்தது. மருந்து, கோர்ட்டு, சினிமா எல்லாம் வந்து பதினான்கு வருடம் கழித்தும் அந்தப் பையனுக்கு எதிரே உட்கார்ந்து பேச ஓர் ஆள் இல்லை.

சரி, 2017 சட்டம் என்னதான் சொல்கிறது? எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக யாரையும் வேலையிலிருந்து நீக்கவோ, வேலை தர மறுக்கவோ கூடாது. நீக்கத்தான் வேண்டும் என்றால், அவரால் மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயம் பெரிதாக இருக்கிறது அல்லது அந்த வேலைக்கு அவர் உடல் தகுதியில்லை என்று, அந்தத் துறையில் தகுதியுள்ள மருத்துவர் சுயேச்சையாக மதிப்பிட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் நகலை அவருக்கும் தர வேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும்; மருத்துவமனை என்றால் இருபது பேர் இருந்தாலே போதும். மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளராவது இருக்க வேண்டும், புகார் வந்தால் முப்பது நாளில் உத்தரவு. வழக்கில் பெயரை மறைத்துக்கொள்ளலாம். விமானப்படை வீரர் ஒருவருக்கு ராணுவ மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் தொற்று வந்த வழக்கில், 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றரைக் கோடிக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. அதோடு, எச்.ஐ.வி. வழக்குகளுக்கு முன்னுரிமை கொடுங்கள், அடையாளத்தை மறையுங்கள் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் சொன்னது.

நல்ல சட்டம்தான். நான் போய்வந்த ஆலைகளின் அறிவிப்புப் பலகைகளில் கேன்டீன் கமிட்டி பெயர் பார்த்திருக்கிறேன், பெண்களுக்கான உள் புகார்க் குழு பெயர் பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி. புகார் அலுவலர் பெயரை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. சங்கத் தோழர்கள் நாளைக்கே கேட்க வேண்டியது இதைத்தான். அடுத்து லீவு. மருந்து வாங்கும் நாள் என்று சொல்லாமல் மாதம் அரை நாள் எடுக்க ஒரு வழி வேண்டும். ரகசியம் வெளியாவது பெரும்பாலும் ரத்த ரிப்போர்ட்டில் அல்ல. ஒவ்வொரு மாதமும் அதே நாளில் ஆள் இல்லாமல் போவதில். வேலை போனவர் ஊர் மாறுகிறார். ஊர் மாறினால் சிகிச்சையை அடுத்த ஊர் மையத்துக்கு மாற்றி எழுதி வாங்க வேண்டும். அதற்கு அங்கே போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் மாத்திரை விட்டுப்போகிறது. விட்டுப்போனால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. நான் சொன்ன பரோட்டா மாஸ்டர் பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மருந்தை விட்டாரா, தொடர்ந்தாரா என்பது எனக்குத் தெரிய வழியில்லை.

ஆனால் நூறு பேர் இல்லாத கடைக்கு, ரிஜிஸ்டர் இல்லாத கடைக்கு என்ன செய்வது? சட்டப்படி பாகுபாடு காட்டக் கூடாது என்பது எல்லோருக்கும்தான், பரோட்டாக் கடைக்கும்தான். குறைதீர்ப்பாளரிடம் அவரும் போகலாம். நிரூபிப்பதுதான் பாடு. முதல் கேள்வியே, இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா என்பதாக இருக்கும். முதலாளி, இடையிடையே வந்து உதவி செய்வார் என்பார். நம் ஊர் வழக்குகள் செத்துப்போவது நோயைப் பற்றிய வாதத்தில் இல்லை. இந்த முதல் கேள்வியில்.

அதில் இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இதை இளம் வக்கீல்களிடம் சொல்லாமல் மைக்கை வைக்க மாட்டேன். நான்கைந்து வருடமாகக் கல்லாவில் நோட்டு குறைந்துவிட்டது. சாப்பிட வருகிறவர்கள் ஜீபே பண்ணுகிறார்கள். முதலாளியும் ராத்திரி மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் ஜீபேயில்தான் சம்பளம் போடுகிறார். தினமும் பன்னிரண்டு மணி வாக்கில், அதே நம்பரிலிருந்து, அதே தொகை, வருடக்கணக்காக. எந்த மேலாளரும் எழுதாத வருகைப் பதிவேடு அது. உங்களிடம் ஒருவர் வந்து, "கடையில சொல்லி அனுப்புறேன்னாங்க சார், சொல்லவே இல்ல" என்று உட்கார்ந்தால், எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று நோயைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். முதலில் போனை வாங்குங்கள். அவர் கணக்கு இருக்கும் வங்கிக்குக் கூட்டிப்போய் மூன்று வருட ஸ்டேட்மென்ட் எடுங்கள். நெட் சென்டரில் பிரின்ட் போட வேண்டாம். அங்கேயும் தெரிந்த முகம் இருக்கும். பிறகு, பெயரை மறைக்கக் கோரும் மனுவை முதல் மனுவாகத் தாக்கல் செய்யுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.